அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு துளை

1

நேற்று புகைக்குழாய் துடைப்பவர் வந்துபோனார். வருடத்துக்கு ஒருமுறை அவர் வந்து, நீளமான பிரஷ்ஷைக் குழாய்க்குள் விட்டுக் கரியை இறக்கி, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் வீட்டுக் காப்பீடு செல்லாது. நான் இருப்பது அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே பிறப்பதற்கும் சாவதற்கும் மட்டுமல்ல, அடுப்பு எரிவதற்கும் தாள் உண்டு.

துடைத்து முடித்ததும் அவர் டார்ச்சை எடுத்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் துளைக்குள் அடித்துப் பார்த்தார். அடுப்பு மூச்சுவிட வெளிக்காற்று வர வேண்டும் என்பதற்காகச் சுவரைத் துளைத்துப் போட்டிருக்கும் வழி அது. ஒரு சின்னத் தட்டு அகலம் இருக்கும். முன்னால் ஒரு கம்பிவலை.

"ஆச்சரியமாக இருக்கிறது" என்றார். "நான் போகும் வீடுகளில் பாதிப் பேர் குளிர் தாங்காமல் இதற்குள் எதையாவது திணித்துவைத்திருப்பார்கள். பழைய காலுறை, செய்தித்தாள், ஒரு வீட்டில் கரடி பொம்மை. உங்கள் வீட்டில் ஒரு தூசிகூட இல்லையே, எப்படி?"

"தினமும் துடைப்பேன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து அந்த வலையை மறுபடி ஒருமுறை துடைத்தேன். அவரிடம் சொல்லாததை ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள்தான் இதைப் புரிந்துகொள்வீர்கள். காற்று வரும் துளைக்குள் துணி திணிக்கும் பழக்கத்தை நானும் என் வீட்டுக்காரரும் உங்களிடமிருந்துதான் கொண்டுவந்தோம்.

2

நான் ராயப்பன்பட்டிக்காரி. நர்ஸுக்குப் படித்தேன். குமுளிப் பக்கம் பழகிய மலையாளம் கொஞ்சம் கைவசம் இருந்ததால், கேரளத்துப் பெண்கள் கூட்டத்தோடு சேர்ந்து வளைகுடா போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டுக்காரர் அனுமந்தன்பட்டி. ஒரு கிடங்கில் வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள் ஜெனி. நடக்கத் தெரியாத வயதில் கூட்டிவந்தோம், இப்போது என்னைவிட உயரம். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சண்டை என்றால் மட்டும் இரண்டு பேரும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவோம், அதில் நான் தோற்றுப்போவேன்.

எங்கள் வீட்டுக்கு விறகடுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே வீட்டைச் சூடாக்குவது எண்ணெயில் ஓடும் ஒரு பாய்லர். எண்ணெய் இருந்தாலும் மின்சாரம் இல்லாவிட்டால் அது ஓடாது. போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு புயல் வந்து கம்பிகளை அறுத்துப் போட்டது. நாட்கணக்கில் கரண்ட் இல்லை. மூன்று பேரும் இருக்கிற கம்பளிகளையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு ஒரே கட்டிலில் கிடந்தோம். ஜெனி பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது, வீட்டுக்குள்ளேயே. அவளுடைய கால்விரல்களைத் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை எரிந்தது. கரண்ட் வந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு வெறகடுப்பு வாங்கிப் போட்றணும்."

அண்ணனிடம் போனில் சொன்னேன். அண்ணன் ஊரில் திராட்சையும் வாழையும் போட்டிருக்கிறது. ஒரே சிரிப்பு.

"ஏத்தா, வெறகடுப்புல கெடந்து கண்ணு கலங்கக் கூடாதுன்னுதான ஒன்னயப் படிக்க வச்சோம். கடல் தாண்டிப் போயி அங்கன வெறகு பொறுக்கப் போறியாக்கும்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குள் நெருப்பு. நாலு பக்கமும் அடைத்த வீட்டுக்குள் நெருப்பு. அது எனக்குப் புதுப் பயம் இல்லை.

3

அடுப்பு வாங்க இரண்டு இடம் இருந்தது.

ஒன்று, ஊர் எல்லையில் இருக்கும் சாமான் கடை. மாட்டுத் தீவனம், பெயின்ட், முள்கம்பி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் விற்பார்கள். அங்கே போய் "ஸ்டவ் வேண்டும்" என்று கேட்டேன். கடைப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே சமையல் கேஸ் அடுப்பு இருக்கும் வரிசைக்குக் கூட்டிப்போனான். பாவம், நான் எதையோ சமைக்கப்போகிறேன் என்று அவனாக நினைத்துக்கொண்டான். நாய்த் தீவன மூட்டைக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் நடுவில் விறகடுப்புகளை அட்டைப்பெட்டியோடு அடுக்கிவைத்திருந்தார்கள். பெயர் தெரியாத கம்பெனி. கதவைத் திறந்து மூடினேன், தகரம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கதவுக் கண்ணாடியைச் சுற்றிப் புகை கசியாமல் இருக்க ஒட்டியிருந்த கயிறு ஒரு மூலையில் பிரிந்திருந்தது.

இன்னொன்று, அடுப்பு மட்டுமே விற்கும் கடை. உள்ளே போனதுமே கதகதப்பு. டீ கொடுத்தார்கள். வார்ப்பிரும்பு அடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், வடக்கே எங்கேயோ பனிநாட்டில் பரம்பரையாகச் செய்கிற கம்பெனியாம். கதவை மூடினால் கோயில் உண்டியல் மூடுவது மாதிரி அழுத்தமான ஒரு சத்தம். கடைக்காரம்மா புகை எப்படி இரண்டாம் தடவை எரிகிறது, கண்ணாடி ஏன் கருக்காது என்றெல்லாம் விளக்கினார். விலையைக் கேட்டதும் இவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஒரு அடுப்புக்கு, சாமான் கடை அடுப்பு மூன்று வாங்கலாம்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தது.

"இரும்புப் பெட்டி. உள்ள நெருப்பு. அதுக்குப் போயி இம்புட்டு வெலையா? நெருப்புக்குத் தெரியுமா அது எந்தக் கம்பெனிப் பெட்டிக்குள்ள எரியுதுன்னு?"

"சாமான் கடை அடுப்புல கதவு ஆடுதுங்க. பாத்தீகள்ல?"

"ஒரு கயிறு வாங்கி ஒட்டுனா சரியாப் போவும். நாங்க மோட்டார் ரூமுக்குக் கதவே இல்லாம இருபது வருசம் ஓட்டுனவக."

"மோட்டார் ரூமுல என் மக படுத்துத் தூங்கல."

இவர் வண்டியைக் கிளப்பினார். பின்சீட்டில் ஜெனி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, "அந்தக் கறுப்பு அடுப்பு அழகா இருந்துச்சு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுக்கு அது வீட்டு அலங்காரம். இவருக்கு அது செலவு. எனக்கு என்ன என்று இவருக்குத் தெரியும், அதனால்தான் அதற்கு மேல் பேசவில்லை.

ஊருக்கு எழுதிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அண்ணன் கோயம்புத்தூர் மோட்டாரை உதாரணம் காட்டி நல்ல கம்பெனியை எடு என்றது. இவருடைய அண்ணன், அதே மோட்டாரை உதாரணம் காட்டி, எல்லாம் ஒரே சரக்குதான், பேருக்குத்தான் காசு என்றார். நான் ராத்திரி டூட்டியில் உட்கார்ந்து, அடுப்பு வாங்கினவர்கள் இணையத்தில் எழுதிய கருத்துகளைப் படித்தேன். நல்லதைப் படிக்கவில்லை, கெட்டதை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். கண்ணாடி வெடித்தது, கதவு வளைந்தது, புகை உள்ளே வந்தது. படிக்கப் படிக்க அந்த மலிவு அடுப்பு என் கண்ணுக்கு ஒரு மிருகமாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது.

4

என் சித்தப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் பள்ளத்தாக்கில் வாழைக்காயை எப்படிப் பழுக்கவைத்தார்கள் என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். இப்போது குளிர்சாதன அறை வந்துவிட்டது. அப்போது மூட்டம்தான். சன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் தார்களை அடுக்கி, ஒரு பானையில் சருகையும் தேங்காய் மட்டையையும் போட்டுப் புகையவிட்டு, கதவைச் சாத்தி, இடுக்கையெல்லாம் துணியும் சேறும் வைத்து அடைத்துவிடுவார்கள். புகையும் சூடும் உள்ளேயே கிடக்கும். பிரிக்கும்போது காய் மஞ்சளாகியிருக்கும். எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் தோட்டத்துக் கொட்டகையை ஒட்டி அப்படி ஒரு அறை வைத்திருந்தார்கள்.

மூட்டத்தைப் பிரித்ததும் உள்ளே போகக்கூடாது. கதவைத் திறந்துபோட்டு, காற்று உலாத்தின பிறகுதான் போக வேண்டும். எல்லோருக்கும் தெரியும், சித்தப்பாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அன்றைக்கு ஊரில் கோயில் திருவிழா. சப்பரத்துக்குக் கட்ட ஒரு தார் வேண்டுமென்று ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். அவசரம். "இந்தா எடுத்துட்டு வந்துர்றேன்" என்று சித்தப்பா கதவை ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கி உள்ளே போனார்.

வரவில்லை. அப்பா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போய் இழுத்துவந்து வேப்பமரத்தடியில் போட்டார். நான் பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றேன். சித்தப்பாவின் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. செத்த முகம் மாதிரியே இல்லை. வெயிலில் வேலைசெய்து கறுத்த மனிதருடைய உதடும் நகக்கண்ணும் ரோஜா நிறத்தில் இருந்தன. "அசந்து தூங்குறாக, தண்ணியத் தெளிங்கடி" என்று சித்தி கத்திக்கொண்டே இருந்தார். அந்த நிறத்தைப் பார்த்து யாருக்குமே நம்பிக்கை போகவில்லை.

நர்ஸிங் படிக்கும்போது ஒருநாள் வகுப்பில் கார்பன் மோனாக்சைடு பற்றிப் பாடம் வந்தது. நிறம் கிடையாது, மணம் கிடையாது, ரத்தத்தில் மூச்சுக்காற்று உட்காரும் இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், உடம்பு சிவந்து தெரியும் என்றார்கள். நான் எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பயம் என்றால் அதுதான். புகையைக் கண்டு பயமில்லை. புகை கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும், ஆளை வெளியே துரத்திவிடும். புகை போன பிறகு அங்கே இருப்பதுதான் என் பயம்.

5

கடைசியில் விலை கூடிய அடுப்பையே வாங்கினோம். இவர் ஒருநாள் சாயங்காலம் வந்து, "சரித்தா, அந்த ஒஸ்தியையே எடுத்துருவோம். நீயாச்சும் தூங்குவ" என்றார். எனக்காகத்தான் வாங்கினார்.

பிறகு அலுவலகக் கூத்து. காப்பீட்டுக் கம்பெனி பெண் போனில் "உங்கள் வீட்டில் திறந்த நெருப்பு உண்டா?" என்று கேட்டார். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்ததில், "இருக்கிறீர்களா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். பொருத்துபவர் தகுதி பெற்றவரா, புகைக்குழாய் எந்த ரகம், சுவருக்கும் அடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னஞ்சல். ஜெனிதான் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டு மூத்த ஆள் அவள்தான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

பொருத்த வந்தவர்கள் சுவரைத் துளைத்து அந்தக் காற்று வழியைப் போட்டார்கள். அலமாரி மேல் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்தார்கள். அந்த வாயு வந்தால் கத்தும் என்றார்கள். என் நிம்மதிக்கு அது போதும் என்றிருந்தது. முதல்நாள் அடுப்பு எரிந்தபோது கண்ணாடிக்குள் நெருப்பு அலை அலையாக ஆடியது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சப்பாத்தி தின்றோம். ஜெனி என் மடியில் தலைவைத்தாள். அவள் அப்படிப் படுத்து எத்தனையோ காலமாகியிருந்தது. நான் அந்த அடுப்பை நம்பினேன். அவ்வளவு விலை கொடுத்தால் பயத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில் மறுபடி புயல். காற்று கடலிலிருந்து நேராக வந்து அந்தத் துளை வழியாக ஊசி மாதிரி உள்ளே இறங்கியது. துளைக்கு எதிரேதான் ஜெனி வழக்கமாகப் படுக்கும் சோபா. அவள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு இருமினாள்.

இவர் துளை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தார்.

"ஏத்தா, ஆடிக் காத்தாட்டம்ல வருது. ஒரு பழைய துணி கொண்டா."

ஆடிக் காற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனியிலேயே தொடங்கி, மலை இடுக்கு வழியாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, தென்னையைச் சாய்த்து, ஓட்டைப் பிரித்து, கண், காது, சோறு எல்லாவற்றிலும் மண்ணை வாரி அடிக்கும். அனுமந்தன்பட்டியில் இவர்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு. சன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, கழிவுநீர் போகும் பொந்து என்று எல்லாவற்றிலும் துணியைச் சுருட்டித் திணிப்பது அந்த வீட்டுப் பிள்ளைகளின் வேலை. காற்று ஒரு இடத்தில் வந்தால் கை தானாகத் துணியைத் தேடும். எனக்கும் அப்படித்தான். இவர் கேட்டதும் நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நைந்துபோன ஒரு பழைய சேலையை எடுத்து, நீளவாக்கில் கிழித்து, சுருட்டிக் கையில் கொடுத்தேன். இவர் வலையைக் கழற்றி, ஒரு கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி உள்ளே ஏற்றி, மறுபடி வலையை மாட்டினார்.

காற்று நின்றது. ஜெனி இருமல் நின்று தூங்கிப்போனாள். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்ட நிம்மதி இரண்டு பேருக்கும்.

6

அந்த வாரம் சனிக்கிழமை. நான் ராத்திரி டூட்டி முடித்துவந்து கொஞ்சம் தூங்கி எழுந்திருந்தேன். வெளியே சாரல், பகலே இருட்டாக இருந்தது. காலையில் போட்ட விறகு கங்காகிக் கிடந்தது. கங்கு சீக்கிரம் தணிந்துவிடக்கூடாது என்று அடுப்புக்குள் காற்று போகும் திருகைக் குறைத்துவைத்தேன்.

கருவாடு வறுக்கலாம் என்று இவருக்கு ஆசை. இந்த நாட்டில் கருவாடு வறுப்பது கள்ளச் சாராயம் காய்ச்சுவது மாதிரி. வாடை பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது என்று முதலில் எல்லாச் சன்னலையும் அடைப்போம். அடுத்து, அடுப்படி மேலே இருக்கும் புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் போடுவோம். அது வீட்டுக் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளிவிடும். எங்கள் வீட்டில் அடுப்படியும் கூடமும் ஒன்றுதான், நடுவில் சுவர் இல்லை.

கருவாடு எண்ணெயில் விழுந்து கொஞ்ச நேரத்தில் அலமாரி மேலிருந்த வெள்ளைப் பெட்டி கத்த ஆரம்பித்தது.

எங்களுக்கு அது புதிதில்லை. மிளகாய் தாளித்தால் மாடிப்படியில் இருக்கும் புகைமணி அடிக்கும், இவர் ஒரு துண்டை எடுத்து அதன் முகத்தில் விசிறுவார். எந்தத் தமிழ் வீட்டிலும் இது நடப்பதுதான். இது வேறு பெட்டி, வேறு காரியத்துக்கு வைத்தது என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"கருவாட்டு வாடைக்கு இதுவும் சேந்து கத்துதா? பெரிய எடத்துச் சாமான்ல?" என்று இவர் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் படியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது.

"பாத்தியா? கருவாடுதான்."

எனக்குத் தலை வலித்தது. ராத்திரி டூட்டி என்று நினைத்துக்கொண்டேன். இவரும் நெற்றியைத் தேய்த்தார். ஜெனி சோபாவில் படுத்தபடியே, "மாம், தலை வலிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். "போனையே பாத்துக்கிட்டிருந்தா வலிக்காம என்ன செய்யும்" என்று நான் தமிழில் சொன்னேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருப்பதும் எங்கள் வீட்டில் புதிதில்லை.

சோறு போட்டு, தட்டோடு போனேன். கண்ணை மூடியிருந்தாள். அடுப்பு வெளிச்சம் முகத்தில் விழுந்திருந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கன்னம் சிவந்து, உதடு ரோஜா நிறத்தில்.

அந்த நிறம்.

வேப்பமரத்தடி, சித்தி போட்ட கூச்சல் எல்லாம் ஒன்றாக என் மேல் விழுந்தது. தட்டு கையிலிருந்து போனது. "ஜெனி! ஏத்தா ஜெனி!" என்று உலுக்கினேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"கதவத் தெறங்க! என்னங்க, கதவத் தெறங்க!"

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் குரலைக் கேட்டதும் ஓடிப்போய் முன்கதவைத் திறந்தார். நான் அவளை இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து இழுத்தேன். என்னைவிட உயரமான பிள்ளை. கதவுவரைகூட இழுக்க முடியவில்லை. இவர் வந்து காலைப் பிடித்தார். மழையில், வாசல் புல்லில் கொண்டுபோய்ப் போட்டோம். அப்பாவும் சித்தப்பாவை இப்படித்தான் இழுத்திருப்பார் என்று நினைத்தேன். மாதாவே, மாதாவே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. நான் நர்ஸ். எத்தனையோ பேருக்கு மூச்சுப் பார்த்தவள். அவள் மூக்குக்கு முன்னால் கையை வைத்தபோது மழை விழுகிறதா மூச்சு வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் இருமினாள். என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். "அம்மா" என்றாள். மாம் என்று சொல்லவில்லை.

ஆம்புலன்ஸும் அதன் பின்னாலேயே தீயணைப்பு வண்டியும் வந்தன. மூன்று பேருக்கும் முகமூடி போட்டு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அந்த "ஒன்றுமில்லை"யை இன்றுவரை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. பரீட்சையில் அவளுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தாலும் என் மனது அந்தச் சனிக்கிழமைக்குப் போய்விடுகிறது.

வீட்டைச் சோதித்த தீயணைப்புக்காரர் ஒருவர் பிறகு இவருக்கு விளக்கியிருக்கிறார். வீடு முழுக்க அடைத்திருக்கிறது. விசிறி காற்றை வெளியே இழுக்கிறது. உள்ளே வர வேறு வழி இல்லை என்பதால், புகைக்குழாய் வழியாகவே காற்று கீழே இறங்கி, கங்கிலிருந்து வருவதையெல்லாம் கூடத்துக்குள் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. அடுப்பில் ஒரு குறையும் இல்லையாம். எந்த அடுப்பாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்குமாம். அவர் வலையைக் கழற்றித் துணியை உருவியிருக்கிறார். அது வந்துகொண்டே இருந்திருக்கிறது. கரியும் பூவேலையுமாக அந்தச் சேலையைப் பார்த்துவிட்டு, விலை உயர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ, ஒழுங்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சாமான் கடை அடுப்பை வாங்கியிருந்தாலும் இதுதான் என்று இவர் ஒரு நாளும் என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. அடுப்புக் கடைக்கு நடந்த அந்த மாதங்களில் நான் கதவுக் கயிற்றைத் தடவிப் பார்த்தேன், கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன், வாங்கினவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். இவ்வளவு பயந்தவள், துணியை என் கையாலேயே கிழித்துக் கொடுத்தேன். இனிமேல் நான் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன்.

7

கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தோம். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அண்ணனிடம்கூட நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை. "எப்படித்தா எரியுது ஒசந்த அடுப்பு?" என்று கேட்டது, "நல்லா எரியுதுண்ணே" என்றேன்.

அனுமந்தன்பட்டி வீட்டில் இருந்தபோது ஆடி பிறந்தது. மத்தியானம் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மேற்கே இரைச்சல் கேட்டது, தென்னை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. முதல் வீச்சிலேயே சன்னல் வழியாகப் புழுதி உள்ளே வந்து விழுந்தது. இவருடைய அண்ணி எழுந்து கதவுகளைச் சாத்தினார். இடுக்குக்கு வைக்க, சுருட்டித் தயாராக வைத்திருந்த பழைய துணிகளை எடுத்துக்கொண்டு சன்னலுக்கு வந்தார்.

ஜெனி இலையை விட்டு எழுந்தாள். எச்சில் கையோடு ஓடிப்போய்ச் சன்னலை மறித்து நின்றுகொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"வேணாம் பெரியம்மா. அடைக்காதீங்க. ப்ளீஸ், அடைக்காதீங்க."

அவ்வளவு தமிழை அவள் ஒன்றாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏன் ஆத்தா, மண்ணு வந்து விழுகுதுல்ல? சோத்துல எல்லாம் விழுகும்மா" என்றார் அண்ணி.

"விழட்டும். காத்து வரணும்."

அண்ணி கையில் துணியோடு என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். எங்களிடமிருந்து தமிழைத்தான் அவள் எடுத்துக்கொள்ளவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். என் பயத்தை முழுசாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இவர் எழுந்துபோய் அண்ணி கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். "இருக்கட்டும் மதினி. தெறந்தே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சாத்தியிருந்த கதவையும் திறந்துவைத்தார்.

அன்றைக்கு எல்லோரும் மண் நறநறத்த சோற்றைத்தான் தின்றோம். ஜெனி சாப்பிட வரவில்லை. சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.